வயோமிங் எல்க் சீட்டும் வெளிமாநிலத்தவரின் பங்கும்

கேள்வி: ஐயா, நான் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். அலுவலக நண்பர்களுடன் மான் வேட்டைக்குப் போய்ப் பழகிய எனக்கு ஒருமுறையாவது மலையில் எல்க் எனும் பெரிய மானை வேட்டையாட வேண்டும் என்பது ஆசை. இதற்காக வயோமிங்கில் ஆறு ஆண்டுகளாக எல்க்குக்கு, குலுக்கலில் முன்னிடம் பெற உதவும் முன்னுரிமைப் புள்ளி வாங்கி வருகிறேன். பிக்ஹார்ன் எனும் காட்டு மலையாட்டுக்கும் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறேன். வயோமிங்கின் செயென் நகரில் சில ஆண்டுகளாக வசிக்கும் என் மைத்துனரோ ஆண்டுதோறும் கவுண்டரில் பணம் கட்டி எல்க் வேட்டைச் சீட்டு வாங்கி வந்துவிடுகிறார். தேசிய வனங்கள் என் வரிப்பணத்திலும்தானே நடக்கின்றன? அங்கே எனக்கு ஒரு நீதி, அவருக்கு ஒரு நீதி என்பது பாரபட்சம் இல்லையா? இதை எதிர்த்து வழக்குத் தொடர முடியுமா? மைத்துனர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்மாநிலத்தவராகவே விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். தாங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றில் கணக்குத் தவறினால் ஒரு பருவம்தான் போகும், இதில் தவறினால் தங்கள் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். மைத்துனரின் முகவரியைக் கொடுக்காதீர்கள்.

வயோமிங் சட்டப்படி உள்மாநிலத்தவர் என்பவர், விண்ணப்பிப்பதற்கு முன் ஓராண்டு முழுவதும் அந்த மாநிலத்தையே தம் நிலையான வாழ்விடமாகக் கொண்டிருக்க வேண்டும், வேறு எந்த மாநிலத்திலும் அந்த உரிமையைக் கோரியிருக்கக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பது இதற்குத் தடையில்லை. ஆனால் டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், டெக்சாஸ் வீட்டுக்குப் பெற்ற சொத்து வரிச் சலுகை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தங்களுக்கு எதிரான சான்றாகும். படிவத்தில் தாங்கள் இடும் கையொப்பம், எழுதியவை உண்மை என்ற உறுதிமொழியும் ஆகும். பொய்யான வாழ்விடத்தைக் காட்டிப் பெற்ற சீட்டில் சுட்ட விலங்கு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதாகவே கருதப்படும். அந்த இறைச்சியையோ கொம்பையோ வண்டியில் ஏற்றி மாநில எல்லையைத் தாண்டிய கணத்தில் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் குறுக்கே வருகிறது, விஷயம் மாநிலக் குற்றத்திலிருந்து கூட்டாட்சிக் குற்றமாக வளர்கிறது. தெரிந்தே முகவரி கொடுத்து உதவிய மைத்துனரும் அதில் சிக்குவார். வேட்டைக் குற்றங்களுக்கான மாநிலங்களிடை ஒப்பந்தத்தில் டெக்சாஸ் உள்பட மிகப் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்திருப்பதால், வயோமிங் தங்கள் உரிமத்தை ரத்து செய்தால் மற்ற மாநிலங்களும் அதைத் தம் ரத்தாகவே ஏற்கும். குடியுரிமை விண்ணப்பத்தில் கைது, வழக்கு, தண்டனை பற்றிய கேள்விகள் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு எல்க்குக்காக அங்கே விளக்கம் எழுதும் நிலைக்குத் தங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

இனி நியாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தாங்கள் இரண்டு பொருள்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். வயோமிங்கின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி கூட்டாட்சி அரசுடையது. அந்த நிலத்தில் கால்வைக்க, கூடாரம் அடிக்க, மலையேற மைத்துனருக்கு உள்ள அதே உரிமை தங்களுக்கும் உண்டு. அந்த உரிமை எவ்வளவு வலுவானது என்பதற்கு அண்மைச் சான்றே இருக்கிறது. மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், 2021-இல் எல்க் மலை அருகே சதுரங்கக் கட்டங்களைப் போல மாறி மாறி அமைந்த பொது நிலத்துக்கும் தனியார் நிலத்துக்கும் இடையே, இரு பொதுக் கட்டங்களின் மூலைகள் சந்திக்கும் புள்ளியில், தனியார் மண்ணில் கால் படாமல் தாண்டிச் சென்றார்கள். நில உரிமையாளர் தொடுத்த வழக்கில், அப்படித் தாண்டுவதை அவர் தடுக்க முடியாது என்று கூட்டாட்சியின் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்த நால்வரும் வெளிமாநிலத்தவர்களே.

நிலம் அப்படி, ஆனால் அதன் மேல் மேயும் எல்க் வேறு சட்டத்துக்கு உட்பட்டது. விலங்குகளை மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கும் கடமை அமெரிக்காவில் மாநிலங்களுடையது. பறக்கும் வலசைப் பறவைகள், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்கள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, எத்தனை விலங்கை, யார், எப்போது வேட்டையாடலாம் என்று முடிவு செய்வது மாநிலமே. தங்கள் சொந்த மாநிலமும் இதையே செய்கிறது. டெக்சாஸ்காரர் 25 டாலருக்கு வாங்கும் பொது வேட்டை உரிமத்துக்கு வெளியூர்க்காரர் 315 டாலர் கட்டுகிறார். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது என்பதாலும் மான் ஏராளம் என்பதாலும் குலுக்கல் வரையில் விஷயம் போவதில்லை, அதனால் அங்கே இந்த வேறுபாடு தங்கள் கண்ணில் படவில்லை.

வழக்கு என்றால், அந்தப் பாதை நன்றாகவே நடந்து பார்க்கப்பட்டு மூடப்பட்ட பாதை. 1970-களில் மொன்டானாவில் உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் உரிமம் வாங்கினார், வெளிமாநிலத்தவரோ எல்க்கும் சேர்ந்த 225 டாலர் கூட்டு உரிமத்தையே வாங்க வேண்டியிருந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த வேட்டைக்காரர்களும் கட்டணத்துக்கு வேட்டைப் பயணம் நடத்தித் தரும் மொன்டானாவின் ஓர் அவுட்ஃபிட்டரும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பால்ட்வின் வழக்கு எனப்படும் அதில் 1978-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: எல்க் வேட்டை வெளிமாநிலத்தவருக்குப் பொழுதுபோக்கு, அது பிழைப்பு அல்ல, ஆகவே மாநிலங்கள் பிற மாநிலக் குடிமக்களுக்கு மறுக்கக் கூடாத அடிப்படை உரிமைகளில் அது சேராது. இதோடு 1948-இல் வந்த தென் கரோலினா இறால் படகு வழக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளிமாநிலப் படகுக்கு 2,500 டாலரும் கேட்ட சட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஏனென்றால் இறால் பிடிப்பது அந்த மனிதர்களின் சோறு. பிழைப்புக்கும் பொழுதுபோக்குக்கும் இடையே நீதிமன்றம் கிழித்த அந்தக் கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒருமுறை கதவு சற்றுத் திறந்தது. காளை எல்க்குகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற அரிசோனாவின் வரம்பை எதிர்த்த வழக்கில், கொம்பும் தோலும் மாநிலங்களிடை வணிகப் பொருள்கள், ஆகவே இந்த வரம்பு கடுமையான சோதனையில் தேற வேண்டும் என்று ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 2002-இல் கூறியது. 2004-இல் கீழமை நீதிமன்றம் அந்த வரம்பைச் செயல்படுத்தத் தடையும் விதித்தது. மேற்கு மாநிலங்கள் எல்லாம் பதறின. நெவாடாவின் செனட்டர் ஹாரி ரீட் முன்னெடுக்க, உள்மாநிலத்தவரையும் வெளிமாநிலத்தவரையும் வேறுபடுத்தும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று அமெரிக்கக் காங்கிரஸ் 2005 மே மாதம் சட்டமே இயற்றிவிட்டது. நம் கடற்கரைகளைச் சிதைத்த 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் நிவாரணத்துக்கும் நிதி ஒதுக்கிய அதே அவசர நிதிச் சட்டத்தின் உள்ளே ஒரு பிரிவாக இது வைக்கப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் வயோமிங்கின் முறையையே நேரடியாக எதிர்த்த ஒரு வழக்கும் பத்தாம் வட்ட நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே, இந்த வழக்குக்காகத் தங்களிடம் கட்டணம் வாங்க எந்த வழக்கறிஞராவது முன்வந்தால், அவரிடம் 2005 சட்டத்தைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

ஆறு புள்ளிகள் ஏன் போதவில்லை என்பதற்கு விடை ஒதுக்கீட்டுக் கணக்கில் இருக்கிறது. வரையறுக்கப்பட்ட ஒரு வேட்டைப் பகுதியில் 100 எல்க் சீட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நில உரிமையாளர்களுக்கான பங்கைக் கழிப்பதை இங்கே விட்டுவிட்டாலும், வெளிமாநிலத்தவருக்கு 16 சீட்டுகளே வரும். அந்தப் பதினாறும் இரண்டு வரிசைகளாகப் பிரிகின்றன: 40 விழுக்காடு, அதாவது ஆறு சீட்டுகள், 1,950 டாலர் கட்டும் சிறப்புக் கட்டண வரிசைக்கு, மீதிப் பத்து 692 டாலர் கட்டும் வழக்கமான வரிசைக்கு. அந்தப் பத்தில் முக்கால் பங்கு அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு மேலிருந்து கீழாக வழங்கப்பட, புள்ளி பார்க்காத குலுக்கலுக்கு இரண்டோ மூன்றோ மிஞ்சும். நூறில் தொடங்கிய கணக்கு தங்களை வந்து சேரும்போது இரண்டு மூன்றாகிவிட்டது. தங்களுக்கு மேலே பதினைந்து, பதினெட்டுப் புள்ளிகளோடு காத்திருப்பவர்களும் ஆண்டுக்கு ஒரு புள்ளி வாங்கிக்கொண்டே வருவதால், பெயர்பெற்ற பகுதிகளில் தங்களுக்கும் அவர்களுக்கும் இடையேயான தூரம் குறைவதே இல்லை. மைத்துனர் எல்க் சீட்டுக்கு 57 டாலர் கட்டுகிறார். அவர் கவுண்டரில் வாங்குவது பொதுச் சீட்டு, அதாவது எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே செல்லும் சீட்டு. அதே பொதுச் சீட்டு வெளிமாநிலத்தவருக்குக் குலுக்கலில் மட்டுமே கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன், தங்களுக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன். எல்க் கூட்டம் அக்டோபரில் மட்டும் அங்கே இருப்பதில்லை. பனி விழுந்ததும் கீழே இறங்கி வைக்கோற்போரைத் தின்கிறது, வேலியை முறிக்கிறது. அந்தச் சேதத்துக்கு மாநிலம் இழப்பீடு தருகிறது. மேற்கு வயோமிங்கில் குளிர்காலத் தீவன நிலையங்களையே நடத்துகிறது. இந்த விலங்குகளோடு ஆண்டு முழுவதும் வாழ்ந்து, அவற்றுக்காகச் சில இடங்களில் வளர்ச்சியையும் விட்டுக்கொடுக்கும் மக்களுக்குப் பெரும்பங்கு போவதில் எனக்கு மறுப்பில்லை. மறுபக்கத்தில், வேட்டைத் துறையின் உரிம வருவாயில் பாதிக்கு மேல் தருபவர்கள் வெளிமாநிலத்தவர்களே. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தாங்கள் கட்டும் கூட்டாட்சிக் கலால் வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதி நிலப்பரப்பையும் பாதி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையையும் பார்த்து மாநிலங்களுக்குப் பகிரப்படுவதால், தாங்கள் வாங்கும் வயோமிங் உரிமம் அந்த வழியிலும் அந்த மாநிலத்துக்குப் பணம் கொண்டுவருகிறது. அத்தனை பணத்துக்கும் ஈடாக வெளிமாநிலத்தவர் சமபங்கு கேட்க முடியாது. சொன்ன விதி நிலைக்கும் என்ற நம்பிக்கையையாவது கேட்கலாம். அந்த நம்பிக்கையை வயோமிங் ஓர் இடத்தில் உடைத்தது என்பது என் உறுதியான எண்ணம், அதைப் பிக்ஹார்ன் ஆட்டைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

எனக்கு உடன்பாடில்லாத இன்னொன்று, வில்டர்னஸ் எனச் சட்டம் வகுத்த வனாந்தரங்களைப் பற்றிய விதி. வயோமிங்கில் அப்பகுதிகளுக்குள் வெளிமாநிலத்தவர் பெருவிலங்கு வேட்டையாட வேண்டுமானால் வழிகாட்டி ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டும். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள். அதே வெளிமாநிலத்தவர் அதே மலைக்குள் தனியாக ஒரு வாரம் நடக்கலாம், கரடிகள் உலவும் ஓடையில் மீன் பிடிக்கலாம், பாறை ஏறலாம், அதற்கெல்லாம் வழிகாட்டி வேண்டாம். எல்க் சீட்டு கையில் இருந்தால் மட்டும் அவர் வழிதவறிவிடுவார் என்று கருதும் விதி, அவுட்ஃபிட்டர் தொழிலைக் காக்கும் விதி என்றே எனக்குப் படுகிறது. நிலத்தின் மீதான தங்கள் உரிமையை விலங்கின் மீதான அதிகாரத்தைக் கொண்டு மாநிலம் சுருக்குவது இங்கேதான். தாங்கள் பாரபட்சம் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டிய இடமும் இதுவே. ஆனாலும் நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன. மாற்ற வேண்டியது சட்டமன்றம்.

இந்த விதியில் தங்களுக்குப் பயன்படும் வாசல் ஒன்று இருக்கிறது. வயோமிங்கின் உள்மாநிலத்தவர் ஒருவர் வணிக நோக்கமற்ற வழிகாட்டி உரிமத்தை வேட்டைத் துறையிடம் கட்டணமின்றிப் பெற்று, ஓர் ஆண்டில் இரண்டு வெளிமாநிலத்தவர் வரை வனாந்தரத்துக்குள் அழைத்துச் செல்லலாம். அதற்காகத் தங்களிடமிருந்து அவர் எந்தக் கூலியும் பெறக் கூடாது. செயென் அலுவலகத்திலேயே தேவையான நிபந்தனைகளைக் கேட்டு அவர் அந்த உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம். மைத்துனரின் முகவரி தங்களுக்குத் தர முடியாததை அவருடைய துணை சட்டப்படியே தந்துவிடும். வெளிமாநிலத்தவர் பலர் ஆயிரக்கணக்கான டாலர்களைக் கொடுத்துப் பெறும் வாய்ப்பு இது.

அதனால் தங்கள் ஆறு புள்ளிகளை நான் இப்படிச் செலவிடுவேன். பெயர்பெற்ற பகுதிகளின் கனவை விட்டுவிட்டு, பொதுச் சீட்டை முதல் தேர்வாகப் போடுங்கள். அது கிடைத்தால் மைத்துனரும் தாங்களும் ஒரே மலையில் ஒரே பருவத்தில் வேட்டையாடலாம், பொதுச் சீட்டு செல்லும் வனாந்தரங்களும் தங்களுக்குத் திறக்கும். விண்ணப்பிக்கும் முன், சென்ற ஆண்டு எத்தனை புள்ளி உள்ளவருக்கு எந்த வரிசையில் என்ன வாய்ப்பு இருந்தது என்று துறை வெளியிடும் குலுக்கல் அறிக்கையைப் பாருங்கள். வழக்கமான வரிசையில் தங்கள் ஆறு புள்ளிக்கு வாய்ப்பு மங்கலாகவும் சிறப்பு வரிசையில் ஏறத்தாழ உறுதியாகவும் இருந்தால், 1,258 டாலர் கூடுதலாகக் கொடுப்பதா, இன்னும் ஓரிரு ஆண்டுகள் 52 டாலர் புள்ளியை வாங்கிக்கொண்டு காத்திருப்பதா என்பது தங்கள் வயதும் முழங்காலும் மைத்துனரின் ஓய்வும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. முதல் தேர்வில் சீட்டு கிடைத்தால் ஆறு புள்ளிகளும் பூச்சியமாகும் என்பதை நினைவில் வையுங்கள். எல்க் விண்ணப்பம் வெளிமாநிலத்தவருக்குப் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. வேனிற்காலத்தில் நினைத்துக்கொள்பவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள்.

கொம்பு முக்கியமில்லை, மலையும் இறைச்சியும் போதும் என்றால், பெட்டை எல்க் அல்லது கன்றுக்கான குறைந்த கட்டணச் சீட்டு 288 டாலருக்குக் கிடைக்கிறது, போட்டியும் பல பகுதிகளில் குறைவு. முதல் எல்க் வேட்டைக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று நினைக்கிறேன். இருநூறு கிலோவுக்கு மேலும் வரக்கூடிய ஒரு விலங்கைக் கூறுபோட்டுத் துணிப்பைகளில் கட்டி முதுகில் சுமந்து இறக்குவது என்னவென்று டெக்சாஸ் மான் கற்றுத்தராது.

மற்ற மாநிலங்களையும் பாருங்கள். நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே கிடையாது, ஒவ்வோர் ஆண்டும் எல்லோரும் புதிதாகவே தொடங்குகிறார்கள். அங்கே 84 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கு, 10 விழுக்காடு அவுட்ஃபிட்டருடன் ஒப்பந்தம் செய்தவர்களுக்கு, 6 விழுக்காடு மட்டுமே தனியாக வரும் வெளிமாநிலத்தவருக்கு. வாய்ப்பு சிறியது, ஆனால் இன்று முதன்முறை விண்ணப்பிப்பவருக்கும் இருபது ஆண்டுகளாக விண்ணப்பிப்பவருக்கும் ஒன்றே. குலுக்கலே வேண்டாம் என்றால், அம்மாநிலம் நில உரிமையாளர்களுக்கு வழங்கும் எல்க் அனுமதிகளை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கலாம், அது முற்றிலும் சட்டப்படியானது. வாங்குமுன் அந்த அனுமதி அவருடைய பண்ணைக்குள் மட்டுமா, அந்த வேட்டைப் பகுதி முழுவதற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏமாற்றங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் நிகழ்கின்றன. கொலராடோ முன்புபோல் தாராளமாக இல்லை. வெளிமாநிலத்தவர் கவுண்டரில் வாங்கிவந்த வில்வேட்டை எல்க் சீட்டை 2025 முதல் அது நிறுத்திவிட்டது.

பிக்ஹார்ன் ஆட்டுக்கான மூன்று புள்ளிகளைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2022-இல் வயோமிங் சட்டமன்றம் ஆடு, மூஸ் எனும் பெரிய மான் வகை உள்பட ஐந்து அரிய விலங்குகளின் சீட்டுகளில் வெளிமாநிலத்தவரின் பங்கைப் பத்து விழுக்காடாகக் குறைத்தது. முன்பு ஆட்டில் அது நாலில் ஒரு பங்கு, மூஸில் ஐந்தில் ஒரு பங்கு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய விகிதத்தை நம்பிப் பணம் கட்டிவந்தவர்களின் வரிசை ஒரே சட்டத்தில் இரு மடங்காகவோ அதற்கும் மேலாகவோ நீண்டுவிட்டது, கட்டிய பணம் யாருக்கும் திரும்பவில்லை. விகிதத்தை மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் அதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். இன்று ஒரு பகுதியில் பத்து ஆட்டுச் சீட்டுகள் இருந்தால் வெளிமாநிலத்தவருக்கு ஒன்று, அந்த ஒன்றும் அதிகப் புள்ளி உள்ளவருக்கே போகும், குலுக்கலுக்கென மிஞ்சுவது எதுவுமில்லை. மூன்று புள்ளிகளோடு தாங்கள் அந்த வரிசையின் தலைமாட்டுக்கு வரும் நாளை என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கு 150 டாலரை இனி அதில் கட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் புள்ளி வாங்காமலோ விண்ணப்பிக்காமலோ இருந்தால் மூன்றும் அழிந்துவிடும், அழியட்டும். எல்க் புள்ளிக்கும் இதே விதி உண்டு என்பதால், இந்த ஆண்டு எந்தக் காரணத்தாலாவது எல்க்குக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனாலும் அதன் புள்ளியை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.